முகவரியும் பெயரும்



கற்பிட்டிக்கு அப்பால், புத்தளக் களப்பின் வாயிலை ஒட்டிக் கிடக்கும் மணல் திட்டு உச்சமுனை. மீன்பிடிப் பருவம் தொடங்கியதும் இக்கரைகளில் வாடிகள் எழும். பருவம் முடிந்ததும் கலைந்துபோகும். "வடக்கேயிருந்து மூன்றாம் வாடியில் தீப்பிடித்தது" என்று ஒருவர் சீட்டு எழுதி அனுப்புகின்றார் என வைத்துக்கொள்வோம். அதனைப் படிப்பவர் இரண்டு செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும். வாடி வரிசை எவ்விடத்தில் தொடங்குகின்றது என்பது ஒன்று. இந்தப் பருவத்தில் மூன்றாம் வாடி யாருடையது என்பது மற்றொன்று. சென்ற ஆண்டுப் பட்டியலைப் புரட்டிப் பார்ப்பவருக்கும் ஒரு பெயர் கிடைக்கவே செய்யும். ஆனால் அது வேறொருவருடைய பெயராக இருக்கலாம்.

கணினியிலும் இவ்வாறே நிகழ்வதுண்டு. ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரல் ஒன்று திடீரென நின்றுபோனால், அந்த நொடியில் அதன் நினைவகம் இருந்த நிலையைக் கணினி ஒரு கோப்பாக எழுதிவைக்கும். இதனைக் 'கோர்' பதிவு என்பர். 1950களில் நினைவகங்கள் சிறு காந்த வளையங்களால் அமைந்தன. அவ்வளையத்தின் பெயரே இன்றளவும் நிலைத்துவிட்டது.

அப்பதிவில் எண்கள் நிறைந்திருக்கும். செய்நிரல் எந்த முகவரியில் நின்றது, அவ்விடத்துக்கு எவ்வழியாக வந்தது என்பனவெல்லாம் அதில் உண்டு. ஆனால் அம்முகவரியில் இருந்த செயற்கூற்றின் பெயர் யாது என்பது பெரும்பாலும் அதில் இராது. பல செய்நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் செயற்கூறுகள் பகிர்வு நூலகங்கள் எனப்படும் தனிக் கோப்புகளில் உள்ளன. லினக்ஸ் போன்ற முறைமைகள், இடத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு, அந்நூலகக் கட்டளைகளைப் பதிவில் வழக்கமாகச் சேர்ப்பதில்லை. பாதுகாப்புக் கருதி ஒவ்வோர் ஓட்டத்திலும் நூலகங்களை வெவ்வேறு இடத்தில் ஏற்றுவதும் வழக்கம்.

இவ்வெண்களுக்குப் பெயர் கண்டுபிடிக்கும் கருவியே வழுநீக்கி. அவற்றுள் புகழ்பெற்ற ஜிடிபி என்பதை 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதினார். எந்தெந்த நூலகம் எவ்விடத்தில் ஏற்றப்பட்டது என்று ஏற்றுநிரல் நினைவகத்தில் எழுதிவைத்த பட்டியலை வழுநீக்கி முதலில் தேடி எடுக்கும். நின்ற முகவரியிலிருந்து நூலகத்தின் தொடக்கத்தைக் கழிக்கும். எஞ்சிய தொலைவை நூலகத்தின் பெயர் அட்டவணையில் பார்த்து, இன்ன செயற்கூறு என்று கூறும்.

இடர் எங்கேயுள்ளது? வழுநீக்கி திறந்து பார்ப்பது, ஆராய்பவருடைய கணினியிலுள்ள நூலகத்தை. செய்நிரல் நின்றதோ வேறொரு கணினியில். இரண்டிலும் கோப்பின் பெயர் ஒன்றாயிருக்கலாம். உள்ளடக்கம் ஒன்றாயிருக்க வேண்டும் என்பதில்லை. நடுவே சில வரிகள் கூடினாலும் பின்னுள்ள செயற்கூறுகள் யாவும் இடம்பெயரும். அப்போதும் வழுநீக்கி ஏதேனும் ஒரு பெயரைச் சொல்லிவிடக்கூடும்.

இதன் கொடுமையை யான் நேரில் கண்டேன். பாடசாலையில் தவணைப் புள்ளிகளைக் கூட்டும் செய்நிரல் ஒருநாள் நின்றுபோயிற்று. அதற்குரிய நூலகத்தில் பெரும்பகுதியைப் பழைய மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். அச்சிடும் பகுதியைப் பதினோராந் தரத்து மாணவன் ஒருவன் எழுதியிருந்தான். பழைய மாணவர் பதிவைத் தம் கணினியில் ஆராய்ந்து, அச்சிடும் பகுதியே காரணம் என்றார். யானும் அச்சிறுவனை அழைத்து, வகுப்பினர் கேட்கக் கடிந்துகொண்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கணினி அறைப் பக்கமே வரவில்லை.

இரண்டு நாட்களின் பின் பழைய மாணவர் வாடிய முகத்துடன் வந்தார். அவரிடம் இருந்தது புதிய நூலகம். பாடசாலைக் கணினியில் இருந்தது பழையது. உரிய நூலகத்தைக் கொண்டு பார்த்தபோது தவறு சராசரி காணும் பகுதியில் இருந்தது. ஒரு பாடத்துக்கேனும் தோற்றாத பிள்ளையின் மொத்தத்தைப் பூச்சியத்தால் வகுக்க முயன்று செய்நிரல் நின்றிருக்கின்றது. அப்பகுதி அவரே எழுதியது. எந்த வகுப்பின் முன் கடிந்தேனோ, அதே வகுப்பின் முன் அச்சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இத்தகைய பிழையைத் தடுக்க வழியுண்டு. நூலகம் ஆக்கப்படும்போதே அதற்கு ஓர் அடையாள எண்ணைப் பொறித்துவைக்கலாம். 2007இல் வெளிவந்த ஃபெடோரா 8 இம்முறையைக் கைக்கொண்டது. நாற்பது எழுத்துகளில் எழுதப்படும் இவ்வெண், உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும். நூலகத்தின் முதற்பக்கம் வழக்கமாகப் பதிவில் இடம்பெறுவதால், அதிலுள்ள எண்ணையும் கையிலுள்ள நூலகத்தின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2019இல் தோன்றிய டிபக்இன்ஃபோடி என்னும் சேவையகத்திடம் இவ்வெண்ணைக் கொடுத்தால், அங்கே சேமித்துவைக்கப்பட்டிருக்குமாயின், அதற்கேயுரிய பெயர்த் தகவலை அது அனுப்பும்.

நேயர்களே, பெயர் கிடைக்காதபோது நாம் மேலும் தேடுகின்றோம். பிழையான பெயர் கிடைத்தாலோ தேடலை நிறுத்திவிடுகின்றோம். ஆதலால், ஒருவர்மீது குற்றம் சுமத்துமுன், நம் கையிலுள்ள பட்டியல் இந்தப் பருவத்துக்குரியதுதானா என்று பார்த்தல் வேண்டும். அச்சிறுவன் இப்போது மீண்டும் கணினி அறைக்கு வருகின்றான். முதலில் அடையாள எண்ணை ஒப்பிட வேண்டும் என்று இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பவனும் அவனே.