தளத்தின் பெயரும் வீட்டு முகவரியும்

(திருவண்ணாமலையில் ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் பேசியது)

பயிற்சித்தாள்களைப் பகிர நம்மில் சிலர் சொந்தமாக இணையதளம் தொடங்குகிறோம். தளத்தின் பெயரைப் பதியும்போது வீட்டு முகவரி, கைபேசி எண் எல்லாம் கேட்பார்கள். முன்பு ‘.காம்’ பெயர்களுக்கு இவ்விவரங்கள் ‘ஹூஇஸ்’ பதிவேட்டில் எல்லோருக்கும் தெரியும். முன்பின் தெரியாதவர் இரவில் அழைக்க அது போதாதா? 2018 மே மாதம் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலும் மறைத்துவிடுகிறார்கள். நம் ‘.இன்’ பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸி, வேறொருவர் பெயருக்குப் பின்னால் ஒளிந்து பதிவதை அனுமதிப்பதில்லை. அதற்காகப் பொய் முகவரி கொடுக்காதீர்கள். தளத்தின் பெயரே பறிபோகலாம். இதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். பதிந்த அன்றே உங்கள் தளத்தின் பெயரை ஹூஇஸில் தேடுங்கள். எண்ணோ முகவரியோ தெரிந்தால், பதிந்து கொடுத்த நிறுவனத்துக்கு உடனே எழுதி மறைக்கச் சொல்லுங்கள்.