சன்னராயபட்டணம்: 1,198 நாட்களும் அதன் பிறகும்

(பெங்களூரு ஒக்கலிபுரத்தில் தமிழ்த் தொழிலாளர்களிடையே ஆற்றப்பட்ட உரை)



தேவனஹள்ளி வட்டம் சன்னராயபட்டண ஹோபளியில் 13 கிராமங்களைச் சேர்ந்த 1,777 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தும் முடிவைக் கைவிடுவதாக 2025 ஜூலை 15 அன்று முதலமைச்சர் சித்தராமையா அறிவித்தார். 2022 ஏப்ரல் 4 அன்று தொடங்கி 1,198 நாட்கள் நீடித்த போராட்டத்தின் வெற்றி அது.

இதை அரசின் பெருந்தன்மை என்று எழுதும் ஏடுகள் உண்டு. நடந்தது வேறு. விண்வெளி, பாதுகாப்புத் தொழில் பூங்காவுக்காக இந்த நிலங்களைக் குறிவைத்தது பொம்மை தலைமையிலான பாஜக அரசு. அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சித்தராமையா விவசாயிகளின் பந்தலுக்கே வந்து ஆதரவு தெரிவித்தார். 2023இல் ஆட்சி மாறியது. கோப்பு மட்டும் மாறாமல் நகர்ந்தது. கடைசியில் மூன்று கிராமங்களின் 495 ஏக்கரை விட்டுவிடுகிறோம், மற்றதைத் தாருங்கள் என்று பேரம் பேசப்பட்டது. 13 கிராமங்களும் ஒரே குரலில் மறுத்தன. ஜூன் 25 அன்று ‘தேவனஹள்ளி சலோ’ போராட்டத்தில் திரண்டோரைக் காவல்துறை அப்புறப்படுத்திக் கைது செய்தது. நெருக்கடி நிலையின் ஐம்பதாம் ஆண்டு நாள் அது! விவசாயிகள் பிறகு காத்திருப்புப் போராட்டம் நடத்திய சுதந்திரப் பூங்காவோ, நெருக்கடி நிலைக் கைதிகளை அடைத்து வைத்திருந்த பழைய மத்தியச் சிறை.

விவசாய சங்கங்களும் தலித் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் சம்யுக்த ஹோராட்ட என்ற கூட்டு மேடையில் நின்றதால்தான் அந்த மறுப்பு கடைசி வரை உடையாமல் இருந்தது.

ஒக்கலிபுரத்துத் தொழிலாளிக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பக்கத்திலேயே விடை நிற்கிறது. மக்கள் ராஜா மில் என்று அழைத்த பஞ்சாலை இருந்த நிலத்தில் இன்று இருப்பது மந்திரி வணிக வளாகம். பின்னி மில் நிலத்தில் அடுக்குமாடிகள். நூல் நூற்ற குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே காவலாளிகளாகவும் துப்புரவுப் பணியாளர்களாகவும் நுழைகிறார்கள். தொழில் வளர்ச்சி என்ற பெயரில் எடுக்கப்படும் நிலம் எப்போதும் தொழிலுக்கே பயன்படும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

இன்னொன்று, சோறு. ராகி, கீரை, காய்கறி, திராட்சை, பூ, பட்டுக்கூடு, பால் எல்லாம் விளையும் மண் அது. தேவனஹள்ளி பம்பளிமாசு புவிசார் குறியீடு பெற்ற பழம். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத வறண்ட பகுதியில், ஆழ்துளைக் கிணற்றையும் ஏரியையும் நம்பி இவ்வளவும் விளைகிறது. இந்நகரின் கழிவுநீர்கூட ஹெப்பாள்–நாகவாரா பள்ளத்தாக்குத் திட்டத்தில் சுத்திகரிக்கப்பட்டு அந்தப் பக்கத்து ஏரிகளுக்குத்தான் போகிறது. அங்கிருந்து அதிகாலையில் கே.ஆர். மார்க்கெட்டுக்குக் கீரைக்கட்டு வருகிறது. அருகிலுள்ள வயல் மறைந்தால் கீரை தொலைவிலிருந்து வரும். லாரி வாடகையும் இடைத்தரகும் விலையில் ஏறும். அதைக் கொடுப்பது கூலிக்காரர் வீட்டு அடுப்பு.

வெற்றிக்குள் ஒரு ஓட்டையும் உள்ளது. விரும்பி நிலம் தருவோரிடமிருந்து பெற்றுக்கொள்வோம், கூடுதல் இழப்பீடும் மேம்படுத்தப்பட்ட மனையும் தருவோம் என்று அதே அறிவிப்பில் முதலமைச்சர் கூறினார். விளைச்சலுக்கு விலை இல்லாமல், கடனில் மூழ்கியவரின் ‘விருப்பம்’ எத்தகையது? விவசாயி அல்லாதோரும் விளைநிலம் வாங்க 2020ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத் திருத்தம் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. பட்டா வைத்திருப்பவருக்காவது பணம் கிடைக்கும். அந்த வயலில் களை எடுக்கும் நிலமற்ற பெண்ணிடம் யாரும் விருப்பம் கேட்பதில்லை. இழப்பீட்டுப் பட்டியலில் அவர் பெயரே இருக்காது.

அறிவிப்பு வந்த சூட்டோடு ஆந்திர அமைச்சர் நாரா லோகேஷ், எங்களிடம் நிலம் தயாராக இருக்கிறது, வாருங்கள் என்று விண்வெளி நிறுவனங்களை அழைத்தார். மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு உழவரின் நிலத்தை ஏலம் விடும் காலம் இது. தமிழ்நாடும் விலக்கல்ல. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுகின்றனர். செய்யாறு சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த மேல்மா விவசாயிகள் ஏழு பேர் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டமே பாய்ந்தது. எதிர்ப்புக்குப் பிறகுதான் அது விலக்கப்பட்டது. ஆளும் கட்சிகளின் கொடிகள் வேறு, நிலத்தைப் பறிக்கும் சட்டத்தின் பாதை ஒன்றே. கர்நாடகத்தில் 1966ஆம் ஆண்டின் தொழிற்பகுதி மேம்பாட்டுச் சட்டம். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டம். 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கோரும் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் உரிமையாளர் ஒப்புதலையும் சுற்றிக்கொண்டு போகும் குறுக்குவழிகள் இவை. இவற்றைத் திருத்த வேண்டும் என்ற கோரிக்கை விவசாய சங்கத்தின் கோரிக்கையாக மட்டும் இருந்தால் போதாது, தொழிற்சங்க மாநாடுகளின் தீர்மானமாகவும் வர வேண்டும்.

இப்போது பிடதி. அங்கே ஒருங்கிணைந்த நகரியத்துக்காக ஒன்பது கிராமங்களில் ஏழாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் குறிவைக்கப்பட்டுள்ளது. பைரமங்கலத்தில் விவசாயிகள் போராட்டத்தில் அமர்ந்திருக்கிறார்கள். சன்னராயபட்டணத்துப் பந்தலுக்கு இந்நகரின் தமிழ்த் தொழிலாளர்கள் போதிய எண்ணிக்கையில் போகவில்லை என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வோம். ஒக்கலிபுரத்திலிருந்து நடந்தே ரயில் நிலையம் போகலாம்; மைசூர் வண்டியில் ஏறினால் பிடதி சுமார் ஒரு மணி நேரம். அடுத்த வார விடுமுறை நாளில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை இந்தக் கூட்டம் முடியும் முன் பெயர் எழுதி முடிவு செய்யுங்கள், தோழர்களே.