கொட்டாஞ்சேனையைச் சுற்றி வந்த நாட்கள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



"எங்கள் காலத்துக் கொட்டாஞ்சேனை" என்ற தலைப்பில் பேசும்படி செயற்குழு கேட்டிருந்தது. பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். டொக்டர்மார் ஒரு நோயாளிக்கு அவ்வளவு நேரம் ஒதுக்குவதில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே நன்றியோடு ஏற்றுக்கொள்கிறோம். இதை வாசிப்பது ஒருவர்தான். ஆனால் நினைவுகள் எங்கள் வகுப்புத் தோழிகள் பலருடையவை. அதனால் "நாங்கள்" என்றே சொல்கிறோம்.

நாங்கள் இங்கே பிறந்தவர்கள் அல்லர். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டு நடந்து, தென்மராட்சி, வன்னி, வவுனியா என்று தங்கித் தங்கிக் கொழும்புக்கு வந்து, நடுத் தவணையில் வகுப்புக்குள் நுழைந்தவர்கள். எங்களோடு பதுளையிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். மற்றவர்கள் ஜம்பட்டா வீதியிலும் ஆமர் வீதியிலும் பிறந்து வளர்ந்தவர்கள்.

முதல் வாரத்திலேயே பாஷை இடறியது. "டீச்சர் என்னோட பேசினாங்க" என்று பக்கத்து மேசைக்காரி சந்தோஷமாகச் சொன்னாள். எங்கள் ஊரில் பேசுவதென்றால் ஏசுவது. "ஏன் பேசினவ? என்ன பிழை விட்டனீர்?" என்று பரிதாபத்தோடு கேட்டோம். அவள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். இப்போது முன்வரிசையில் இருந்தும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த நாட்களில் எங்களுக்குத் தெரிந்த கொட்டாஞ்சேனை மிகச் சிறியது: லொட்ஜ் அறை, பாடசாலை, இரண்டுக்கும் இடையிலான தெரு. 1996 ஜனவரி 31 இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. பொலிஸ் பதிவுத் துண்டைப் புத்தகப் பையின் உள்ளறையில் வைத்துத் தைத்துவிட்ட அம்மாமார் உண்டு. "நேரே வா, அங்கை இங்கை பாராதை" என்பதுதான் ஒவ்வொரு காலையும் கிடைத்த ஆசீர்வாதம். அப்படிப்பட்ட எங்களுக்கு இந்த ஊரைத் திறந்துவிட்டது வெசாக்.

கொட்டாஞ்சேனைத் தோழிகள் ஒரு மாலை லொட்ஜுக்கே வந்து, எங்கள் அம்மாமாரிடம் அனுமதி கேட்டார்கள். அம்மாமார் அனுமதி தரவில்லை. தாங்களும் கூட வந்தார்கள்! ஐந்து வருடம் மின்சாரம் இல்லாத ஊரில், ஜாம் போத்தல் விளக்கில் படித்துவிட்டு வந்த எங்கள் முன்னால் ஆயிரக்கணக்கான மின்குமிழ்கள் ஓடி ஓடி எரிந்தன. வெசாக் பந்தலில் இருந்த ஜாதகக் கதையைச் சிங்களம் தெரிந்த ஒருத்தி படம் படமாக விளங்கப்படுத்தினாள். நாங்கள் கதையைக் கேட்கவில்லை, வெளிச்சத்தைத்தான் பார்த்தோம். "இவ்வளவு கரண்டும் இஞ்சை சும்மா எரியுது பிள்ளை" என்றா ஒரு அம்மா. அது வியப்பா கோபமா என்று இன்றுவரை எங்களால் பிரித்தறிய முடியவில்லை. தன்சலில் வரிசையில் நின்று குளிர்பானம் குடித்தோம். பகலில் எங்கள் பைகளைக் கிளறிய சாவடியின் மேலும் ஒரு வெசாக் கூடு ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கண்டு பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அன்றிரவு முதன்முதலாக அந்தத் தெருவில் தலையை நிமிர்த்தி நடந்தோம்.

அதன் பிறகு ஆண்டு முழுவதும் ஊர்சுற்றல்தான். ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா. செவ்வாய்க்கிழமைகளில் திருநீறு பூசிய எங்கள் அம்மம்மாமாரும் அங்கே மெழுகுதிரி கொளுத்தப் போவார்கள். ஆடியில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் புறப்படும் வேல் தேர், கையில் கரும்பு. அந்தக் காற்றுக் காலத்தில் 102 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிக் காலிமுகத் திடல். பட்டமும் இறால் வடையும். நவராத்திரிக்கு வாணி விழாச் சுண்டல். நோன்பு காலத்தில் பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் அனுப்பும் கஞ்சிப் பாத்திரம். டிசம்பர் 31 நள்ளிரவில் துறைமுகத்துக் கப்பல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊதும். முதல் வருடம் நாங்கள் கட்டிலுக்குக் கீழே புகுந்துவிட்டோம். சிவராத்திரிக்குப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்த அந்த மண்டபத்தில் வெறுங்காலோடு நடந்தால் நித்திரை கலையும். ஹட்டன் தோழி மட்டும் அந்தக் குளிர்ந்த கல்லில் கன்னத்தை வைத்துப் படுத்து, "இதுதான் எங்க ஊரு" என்பாள்.

சித்திரைப் புத்தாண்டுதான் கஷ்டம். கடைகள் பூட்டப்படும், எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். "நீங்க ஊருக்குப் போகல்லையா?" என்று நல்ல மனத்தோடுதான் கேட்பார்கள். எங்களுக்குப் போக வழி இல்லை. வெறிச்சோடிய வீதியில் எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தவர்கள், போக வேறு ஊர் இல்லாத கொட்டாஞ்சேனைத் தோழிகள்தான்.

2002 இல் ஏ9 வீதி திறந்தபோது ஊர் போனோம். கூரை இல்லாத வீடு, தூர்ந்த கிணறு. நாலாம் நாள் எங்களில் ஒருத்தி தன்னை அறியாமல், "சரி, எப்ப வீட்டை போறது?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

அன்பானவர்களே, எங்கள் ஊரை இனிப்பாக மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நேர்மையாகாது. நாங்கள் பார்த்து மகிழ்ந்த வெசாக்கின் பின்னால் இதே தெருக்களில் நடந்த ஒரு சண்டை இருக்கிறது. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு அன்று, தீபதுத்தாராமய விகாரைக்கு வந்த பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கொட்டாஞ்சேனையில் கலவரம் மூண்டது. அதற்கு நீதி கேட்டு எழுந்த முயற்சிகளின் பயனாகவே வெசாக் தினம் பொது விடுமுறையானது. 1885 ஏப்ரல் 28 இல், அந்த முதல் விடுமுறை நாளில், பௌத்த கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டதும் அதே விகாரையில்தான். நாடு முழுவதும் கொண்டாடும் ஒரு விடுமுறை எங்கள் மூலைத் தெருவிலிருந்து புறப்பட்டது என்பது படிக்கிற காலத்தில் எங்களுக்குத் தெரியாது.

இன்னொரு உயிர்த்த ஞாயிறும் வந்தது: 2019 ஏப்ரல் 21. நாங்கள் மெழுகுதிரி கொளுத்திய அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. எங்களில் வைத்தியர்களானவர்களும் தாதியர்களானவர்களும் அன்று முழுவதும் கடமையில் நின்றோம். அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. பேச வேண்டியது அதற்குப் பிறகு வந்த மாதத்தைப் பற்றி.

மே மாதம் நோன்பு தொடங்கியது. அந்த முறை கஞ்சிப் பாத்திரம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாங்களும் போய்க் கேட்கவில்லை. எத்தனையோ வருடமாகத் தெரிந்த அந்த வீட்டின் கதவைக் கடக்கும்போது கைப்பேசியைப் பார்த்தபடி நடந்தோம். பெயரைக் கேட்டவுடன் முகம் மாறுகிற மனிதர்கள் முன்னால் பதினாறு வயதில் நின்றவர்கள் நாங்கள். அந்தப் பார்வை எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதைச் செய்தோம்.

ஜூன் முதல் வாரம் பெருநாளன்று போய்க் கதவைத் தட்டினோம். அந்த வீட்டு உம்மா உள்ளே கூப்பிட்டு வட்டிலப்பம் வைத்தா. மன்னிப்பு என்ற சொல் இரு பக்கத்திலும் வரவில்லை. புறப்படும்போது, "பாத்திரம் எடுத்துவெச்சேன், அனுப்பப் பயமா இருந்திச்சு மகள்" என்றா. ஜூன் 12 ஆம் திகதி அந்தோனியார் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது, மறுநாள் திருவிழா. எங்களில் போனவர்களும் உண்டு, கால் எழாமல் வீட்டில் இருந்தவர்களும் உண்டு. இரு பகுதியாரையும் குறை சொல்ல மாட்டோம்.

இதை ஏன் நூற்றாண்டு விழாவில் சொல்கிறோம்? இன்றும் இந்தப் பாடசாலைக்குப் புதிதாகப் பிள்ளைகள் வருகிறார்கள். மட்டக்களப்பிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வருகிறார்கள். சோதனைச் சாவடி இப்போது இல்லை. ஆனாலும் அவர்கள் காணும் கொழும்பு ஸ்கூல் வேன் யன்னலின் அளவுதான். டொக்டர்மாரான எங்களுக்கு இப்போது பருவங்கள் நோயாகத் தெரிகின்றன: மழை விட்டால் டெங்கு, தன்சல் முடிந்தால் வயிற்றோட்டம். பருவம் பார்க்காமல் வருவது ஒன்று உண்டு: பதின்மூன்று வயதில் தலையிடி, நித்திரையின்மை. "பிள்ளை வெளியில போறதில்லையோ?" என்று கேட்டால், "எங்க டொக்டர், ரியூசனுக்கே நேரம் காணாது" என்கிறார்கள் அம்மாமார். "கூடப் போக யார் இருக்கிறா?" என்று பிள்ளை மெல்லக் கேட்கிறாள். எங்களுக்கு அன்று கூடப் போக ஆட்கள் இருந்தார்கள். அதுதான் வித்தியாசம்.

சங்கம் கட்டடம் கட்டுகிறது; நல்லது, நாங்களும் கொடுக்கிறோம். அதோடு செலவில்லாத ஒன்றையும் கேட்கிறோம். வெசாக், அந்தோனியார் திருவிழா, ஆடிவேல், நோன்புப் பெருநாள்: ஆண்டுக்கு நாலு முறை, புதிதாக வந்த பிள்ளைகளையும் அவர்களுடைய அம்மாமாரையும் பழைய மாணவிகள் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். மாணவிகளில் ஊர்க்காரர் பாதி, புதியவர் பாதி. ஜம்பட்டா வீதியிலிருந்து விகாரைக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஆலயத்துக்கும் நடந்தே போகலாம். வெளிநாட்டிலிருந்து டிசம்பரில் வருகிறவர்கள், 31 ஆம் திகதி இரவு கப்பல் ஊதும்போது ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். கட்டிலுக்குக் கீழே புகாமல் இருக்கட்டும்.

முதல் நடை வருகிற வெசாக்கன்று. மாலை ஐந்து மணிக்குப் பாடசாலை வாயிலில் நிற்போம். மழை வரக்கூடும், குடை கொண்டு வாருங்கள். எங்களைக் கூட்டிப் போன தோழிகளுக்கும், கூட வந்த அம்மாமாருக்கும், அவர்களில் இன்று எங்களோடு இல்லாதவர்களுக்கும் இந்த உரை காணிக்கை.