பூச்சிக்குப் பெயர் சூட்டுதல்

புதிய பூச்சியினம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது என்னும் செய்தி எப்போதாவது பத்திரிகையில் வெளிவருமாயின், அதனைப் படிப்போர் பலர் புன்முறுவல் செய்து அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர். உள்ள பூச்சிகள் போதாவோ, இன்னும் ஒன்றைத் தேடிப்பிடித்துப் பெயர் வைத்தல் வேண்டுமோ என்பது அவர்தம் எண்ணம். கொழுந்தையும் காயையும் நம்பி வாழும் மலைநாட்டு மக்களுக்கு அவ்வெண்ணம் பொருந்துமா என்பதைக் கண்டிப் பகுதியின் பயிர்களோடு தொடர்புடைய ஒரு பூச்சியின் வரலாற்றைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

தேயிலைக் கொசு என்று வழங்கும் பூச்சியைத் தோட்டத்தார் அறிவர். பெயர் கொசுவாயினும் அது கொசு அன்று. நம் வீட்டு மூட்டைப்பூச்சியின் உறவினமாகிய நாவாய்ப்பூச்சிகளுள் ஒன்று. ஏறத்தாழ ஏழு மில்லிமீற்றர் நீளமுடையது. மெலிந்த உடலும் நெடுங்கால்களும், உடலினும் மிக நீண்ட உணர்கொம்புகளும் கொண்டது. அதன் முதுகில், குண்டூசியை நிறுத்தி வைத்தாற்போல, தலை பருத்த முள்ளொன்று நிமிர்ந்து நிற்கும். இப்பூச்சி தன் ஊசிவாயை இளந்தளிரிற் செலுத்திச் சாற்றை உறிஞ்சும்போது அதன் உமிழ்நீர் இலையினுட் கலக்கின்றது. அவ்விடம் சில மணி நேரத்திற் கருகுகின்றது. தேயிலை, கொக்கோ, மரமுந்திரிகை, கொய்யா, வேம்பு எனப் பல மரஞ்செடிகள் இவ்வினத்தாற் கேடுறுகின்றன. பெண்பூச்சி தன் முட்டையை இளந்தண்டினுள்ளோ காயினுள்ளோ புதைத்துவிடும். வெளியே தெரிவன, ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் நிற்கும் இரு நுண்ணிய மயிரிழைகள் மட்டுமே. அவற்றைக் காண்பதற்கே பழகிய கண் வேண்டும்.

இப்பூச்சிக்கு அறிவியற் பெயர் கிடைத்தது இந்நாட்டில் அன்று, பாரிஸ் நகரில். இலங்கையிலிருந்து சென்ற மாதிரிகளைக் கொண்டு 1858ஆம் ஆண்டில் சிஞ்ஞோரே என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனை விவரித்து, ஹெலோபெல்டிஸ் அன்டோனியை என்று பெயரிட்டார். ஆணி, சிறு கேடயம் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே முதற்பெயர். முதுகுக் கேடயத்தில் நிற்கும் ஆணிக்கு இதனினும் பொருத்தமான பெயர் ஏது? ஜேம்ஸ் டெயிலர் கண்டியை அடுத்த லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867ஆம் ஆண்டில். தேயிலைத் தோட்டம் தோன்றுமுன்னரே அதன் பகைவருள் ஒருவனுக்குப் பெயர் பதிந்துவிட்டது!

ஓர் இனம் புதிது என்று கூறுதல் எளிதன்று. இக்குடும்பத்தில் இதுவரை விவரிக்கப்பட்ட இனங்கள் மட்டும் 11,000க்கு மேற்பட்டவை. நிறத்தை மட்டும் நம்பலாகாது. ஒரே இனத்தில் ஆணும் பெண்ணும் வேறு நிறமாகலாம். எனவே ஆய்வாளர் முன்னோர் எழுதிய விவரங்களோடு ஒப்பிடுகின்றார். உணர்கொம்பின் கணுக்களை அளக்கின்றார். ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து வரைகின்றார். வேறுபாடு உறுதியான பின்னரே விவரத்தை அச்சிட்டு, ஒரு மாதிரியை மூலமாதிரி எனக் குறித்து அரும்பொருட்சாலையில் வைக்கின்றார். பிற்காலத்தில் ஐயம் எழுமாயின் சான்று கூறுவது அந்த உலர்ந்த உடலேயாம்.

இவ்வாறு 1957ஆம் ஆண்டில், டி சில்வா என்னும் அறிஞர் இலங்கையிற் கண்ட ஒரு பூச்சியைப் புதிய இனமாக விவரித்து, ஹெலோபெல்டிஸ் சிலோனென்சிஸ் என்று பெயரிட்டார். 1961ஆம் ஆண்டில் அதன் வாழ்க்கை முறையை ஆராய்ந்து எழுதியபோது, அதனை இந்நாட்டுக் கொக்கோவின் பெரும்பகை என்று குறித்தார். மாத்தளை, தும்பறைப் பகுதிகளிற் கொக்கோ வளர்ப்போர்க்கு அது வெறும் பெயர் அன்று.

ஏன் எனில், பெயரே திறவுகோல். ஜாவாத் தீவிற் கொக்கோ மரங்களிற் கறுப்பெறும்புகளைக் குடியேற்றி இவ்வகைப் பூச்சியைத் துரத்தும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அந்நாட்டுப் பூச்சியைப் பற்றிய பழைய எழுத்துகள் பலவற்றில் அன்டோனியை என்ற பெயரே காணப்பட்டது. ஸ்டோன்டால் என்பவர் 1991ஆம் ஆண்டில் ஆசியாவின் ஹெலோபெல்டிஸ் இனங்களை ஒருங்கே ஆராய்ந்து, அன்டோனியை தென்னிந்தியாவையும் இலங்கையையும் சார்ந்தது என்றும், தென்கிழக்கு ஆசியாவில் அப்பெயராற் குறித்தது பெரும்பாலும் பிராடியை என்னும் வேறோர் இனம் என்றும் காட்டினார். அதன் பயன் யாது? ஓரினத்தின்மேற் கண்ட உண்மைகளை மற்றோரினத்தின் கணக்கில் எழுதியிருந்தமை வெளிப்பட்டது. எந்தச் செடியை விரும்பும், எப்பருவத்திற் பெருகும், எந்த எறும்புக்கு அஞ்சும், அதன் முட்டையை எந்த ஒட்டுண்ணிக் குளவி அழிக்கும் என்பவையெல்லாம் மீண்டும் சோதிக்கப்பட வேண்டியவையாயின. நோயாளியின் பெயர் மாறிய மருத்துவச் சீட்டால் நோய் தீருமோ?

பூச்சியைக் கண்டவுடன் நஞ்சு தெளிப்பவர், பகைவனோடு நண்பனையும் கொல்கின்றார். மரத்தில் இலைகளைப் பின்னி வாழும் முசுறு கடிக்கும் என்று அதன் கூட்டைக் கொளுத்துகின்றோம். அந்த முசுறே மரமுந்திரிகையைத் தேயிலைக் கொசுவிடமிருந்து காக்கும் காவலன்.

ஆதலின், நேயர்களே, அறியாத பூச்சியொன்று உங்கள் செடியிற் கருகல் விளைப்பதைக் கண்டால், சிலவற்றைச் சிறு புட்டியிற் பிடியுங்கள். எந்தச் செடி, எந்த ஊர், எந்த நாள் என்ற மூன்றையும் தாளில் எழுதி உடன் வைத்து, விவசாய அலுவலரிடம் ஒப்படையுங்கள். அக்குறிப்பு இல்லாத பூச்சி, முகவரியற்ற கடிதம் போன்றது. புதிய இனத்தை விவரிப்பவர் அறிஞராயினும், அதனை முதலிற் காணும் வாய்ப்பு கொழுந்து பறிக்கும் கையினர்க்கே மிகுதி.