கணினி பிழை காட்டினால்...



கணினிக்குக் கட்டளை எழுதும் மொழிகள் பல. அவற்றில் ஒன்று பைத்தான். நெதர்லாந்து நாட்டுக்காரரான கைடோ வான் ராசம் இதை 1991-இல் வெளியிட்டார்.

இதைக் கற்கத் தொடங்கும் சிலர் சீக்கிரமே மனம் தளர்கிறார்கள். காரணம், திரையில் வரும் பிழைச் செய்தி. அது திட்டு அல்ல. பிழை எங்கே என்று காட்டும் வழிகாட்டி.

அதைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். கடைசி வரி, என்ன பிழை என்று சொல்லும். அதற்கு மேலே வரி எண் இருக்கும். 'நேம் எர்ரர்' என்றால், அந்தப் பெயர் கணினிக்குத் தெரியவில்லை. 'கூலி' என்று பெயர் வைத்துவிட்டு, பிறகு 'கூளி' என்று எழுதினால் இது வரும்.

சில பிழைகளுக்குச் செய்தியே வராது. இரண்டு நாள் கூலி 300, 400. கூட்டினால் 700. கணினியோ 300400 என்று காட்டும்! ஏன்? நாம் தட்டுவதைப் பைத்தான் எழுத்தாகவே வாங்குகிறது. எழுத்தோடு எழுத்தை ஒட்டுகிறது. 'இன்ட்' என்ற கட்டளையால் அதை எண்ணாக மாற்ற வேண்டும். கவனிக்காவிட்டால் கூலிக் கணக்கே கெட்டுவிடும். ஆகவே, மனக்கணக்கும் போட்டுப் பாருங்கள்.

அப்படியும் புரியவில்லையா? தெரிந்தவரிடம் கேளுங்கள். "ஓடவில்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. மூன்றைச் சொல்லுங்கள்.

எழுதியது என்ன?
எதிர்பார்த்தது என்ன?
வந்தது என்ன?

பிழைச் செய்தியை அப்படியே காட்டுங்கள்.

எழுதப் படிக்கக் கற்றபோதும் பிழை வந்தது. திருத்தித் திருத்தித்தான் கை பழகியது. இதுவும் அப்படித்தான். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம்.