கல்லு போகுது, காசு எங்கே போகுது?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு முதலில் ஒரு கணக்குப் போடுவோம். குழுக் கணக்கு இல்லை, லாரிக் கணக்கு. நம் அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டாரஸ் லாரி போகாத ரோடு இல்லை. விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டால், பால் வாங்கிட்டுத் திரும்புறதுக்குள்ள கோலத்து மேல தூசி படிந்திருக்கும். அந்த லாரியை நாம் எல்லாரும் பார்க்கிறோம். அதற்குள்ளே நம் பணமும் போகிறது என்பதைத்தான் பார்ப்பதில்லை.

பூமிக்குள் இருக்கிற கனிமத்தை எடுக்கிறவர் அரசாங்கத்துக்குக் கட்டுகிற தொகைக்கு ராயல்டி என்று பேர். சுண்ணாம்புக்கல்லுக்கு 2014இல் மத்திய அரசு வைத்த விகிதம் டன்னுக்கு 80 ரூபாய். இது மாநில அரசின் கஜானாவுக்குப் போகிற பணம். 2015இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, இதற்கு மேலே இன்னொரு தொகையையும் குத்தகைதாரர் கட்டணும் என்று கொண்டுவந்தார்கள். 2015 ஜனவரி 12க்கு முன்னால் கொடுத்த பழைய குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதம். அதற்குப் பிறகு ஏலத்தில் எடுத்த குத்தகை என்றால் 10 சதவீதம். இந்தத் தொகை சென்னைக்கோ டெல்லிக்கோ போகாது. அந்தந்த மாவட்டத்திலேயே ‘மாவட்ட கனிம அறக்கட்டளை’ என்று ஒன்றை வைத்து அதில் சேர்க்கணும்.

இப்போ கணக்குக்கு வருவோம். 80 ரூபாயில் 30 சதவீதம் 24 ரூபாய். ஒரு லாரியில் 20 டன் ஏற்றினால் 480 ரூபாய். பழைய குத்தகைக் குவாரியிலிருந்து அப்படி ஒரு லாரி நம் தெருவைத் தாண்டினால், 480 ரூபாய் நம்மைப் போன்ற ஊர்களுக்காக ஒரு கணக்கில் ஏறியிருக்கணும். வருஷத்துக்கு 10 லட்சம் டன் வெட்டுகிற சுரங்கம் என்றால் 2 கோடியே 40 லட்சம் ரூபாய். மாதம் நூறு ரூபாய் சேமிப்பு கட்ட என்ன பாடு படுகிறோம் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கணக்கை முதலில் போட்டோம்.

ஏலத்தில் எடுத்தவருக்கு ஏன் 10 சதவீதம் மட்டும் என்று ஒரு சகோதரி கேட்டார். ஏலத்தில் கேட்ட அதிகப்படித் தொகையை அவர் மாநில அரசுக்குத் தனியாகக் கட்டுகிறார், அதனால் இதைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். ஏலப் பணம் கஜானாவுக்கு, தூசி மட்டும் முன்னே மாதிரியே நமக்கு. இது சரியான பங்கீடு என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஆனாலும் சட்டம் இன்றைக்கு அப்படித்தான் இருக்கிறது.

இந்தப் பணம் யாரும் போடுகிற பிச்சை இல்லை. சுரங்க வேலையால் பாதிக்கப்பட்ட மக்கள், பாதிக்கப்பட்ட பகுதி, இவர்களின் நன்மைக்காக என்றே சட்டத்தில் எழுதியிருக்கிறது. கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதி என்று தண்ணீர்த் தொட்டி கட்டி, பேர் எழுதி, ரிப்பன் வெட்டுகிறார்களே, அது வேறு. அது 2013 கம்பெனிச் சட்டப்படி லாபத்திலிருந்து செய்வது. எந்த ஊருக்குச் செய்வது என்பதை அவர்களே முடிவு பண்ணுவார்கள். கனிம அறக்கட்டளைப் பணம் கட்டின பிறகு கம்பெனியின் பணம் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டால், நமக்குச் சேரவேண்டியதை வாங்கிக்கொண்டு நாமே நன்றி சொல்லிக் கொண்டிருப்போம்.

இந்தப் பணத்தை எதற்குச் செலவு பண்ணலாம் என்பதற்கும் விதி இருக்கிறது. பிரதம மந்திரி கனிமப் பகுதி நலத் திட்டம் என்று 2015 செப்டம்பரில் வந்தது. அதன் வழிகாட்டு நெறிகளை 2024 ஜனவரியில் திருத்தினார்கள். அதன்படி குறைந்தது 70 சதவீதப் பணம் முன்னுரிமைக் காரியங்களுக்குப் போகணும். குடிநீர், சுகாதாரம், கல்வி, மாசுக் கட்டுப்பாடு, பெண்கள் குழந்தைகள் நலம், முதியோர், மாற்றுத் திறனாளிகள், தொழில் பயிற்சி, வாழ்வாதாரம் இதெல்லாம் அதில் வரும். மீதிதான் ரோடு, பாலம், பாசனம் மாதிரியான வேலைகளுக்கு. அதே மாதிரி, சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள் இருப்பது நேரடியாகப் பாதிக்கப்பட்ட பகுதி, 25 கிலோமீட்டர் வரை மறைமுகமாகப் பாதிக்கப்பட்ட பகுதி. பணத்தில் 70 சதவீதமாவது நேரடிப் பகுதிக்குள்ளேயே செலவாகணும். மாநில அரசின் வேறு நிதிக்கு இதை மாற்றவும் கூடாது. வீட்டுக்கு இவ்வளவு என்று ரொக்கமாகப் பிரித்துக் கொடுக்கிற திட்டமும் இல்லை இது. சில ஊர்களில் அப்படி ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது, நம்பி யாரிடமும் ஆதார் நகலையும் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

விதி இருந்தால் போதுமா? போதாது. சத்தீஸ்கர் மாநிலத்தில் கோர்பா என்று நிலக்கரி மாவட்டம். அங்கே ஆரம்ப வருஷங்களில் நகரத்தில் பல மாடி வாகன நிறுத்தம் கட்டுவதற்கெல்லாம் இந்தப் பணத்தை ஒதுக்கினார்கள். நிலக்கரித் தூசி தின்கிற கிராமத்துப் பெண்ணுக்கு நிறுத்துவதற்குக் கார் ஏது? அதே மாநிலத்தில் இந்த நிதியின் ஒப்பந்தங்களில் கமிஷன் வாங்கினார்கள் என்று அமலாக்கத் துறை வழக்கும் போட்டது. நாடு முழுக்க இந்த நிதியில் சேர்ந்த பணம் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. இவ்வளவு பணம் இருக்கிற இடத்தில் கேட்கிறவர்கள் யாரோ அவர்கள் பக்கம்தான் அது சாயும். நாம் கேட்காமல் இருந்தால் ஒப்பந்தக்காரர் கேட்பார்.

முடிவு எடுப்பது யார்? அறக்கட்டளையின் தலைவர் மாவட்ட ஆட்சியர். எம்.பி., எம்.எல்.ஏ.க்களையும் உறுப்பினர்களாகச் சேர்க்கணும் என்று 2021இல் மத்திய அரசு உத்தரவு போட்டது. ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களில் பழங்குடி மக்களுக்கான ஐந்தாவது அட்டவணைப் பகுதிகள் இருக்கின்றன. அங்கே கிராம சபை ஒப்புதல் இல்லாமல் வேலை எடுக்கக் கூடாது. தமிழ்நாட்டில் அந்த அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை, அதனால் நம் கிராம சபைக்கு அந்த அதிகாரம் இல்லை. உண்மையைச் சொல்லித்தான் ஆகணும். ஆனால் கிராம சபைத் தீர்மானம் ஒரு ஆவணம். ஆட்சியர் மேசைக்கு எம்.எல்.ஏ. கடிதம் ஒரு பக்கம் வருகிறது, முந்நூறு பேர் கையெழுத்துப் போட்ட தீர்மானம் இன்னொரு பக்கம் வருகிறது என்றால், அதை அவ்வளவு லேசில் ஒதுக்க முடியாது.

சரி, என்ன கேட்பது? இதில்தான் நாம் நிதானமாக யோசிக்கணும். கிராம சபையில் ஆண்கள் முதலில் கேட்பது சமுதாயக் கூடம், கோயிலுக்குப் போகிற சிமெண்ட் ரோடு, நுழைவு வளைவு. கண்ணுக்குத் தெரிகிற வேலை. குடம் தூக்குகிறவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும். சுரங்கம் ஆழமாகப் போகப் போக, ஊறி வருகிற தண்ணீரை மோட்டார் வைத்து வெளியே இறைக்கிறார்கள். பக்கத்துக் கிணறும் போர்வெல்லும் இறங்குவது ஏன் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆகவே நிரந்தரமான குடிநீர் ஏற்பாடு முதல் கோரிக்கையாக இருக்கணும் என்பது எங்கள் கருத்து. தொட்டி கட்டினால் மட்டும் போதாது. தண்ணீர் எங்கிருந்து வரும், மோட்டார் கெட்டால் யார் பார்ப்பது, கரண்ட் பில் யார் கட்டுவது, இதையும் சேர்த்து எழுதணும். தண்ணீர் வராத தொட்டிகள் நம் வட்டாரத்தில் எத்தனை நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது மூச்சு. ஓயாத இருமல், இளைப்பு என்று பெரியவர்களும் குழந்தைகளும் படுகிற பாடு தெரியும். நெஞ்சு நோய்க்கான பரிசோதனை முகாம் வருஷத்துக்கு ஒரு தடவை போட்டோ எடுப்பதற்காக நடக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கான கருவியும், அதை இயக்கத் தெரிந்த ஆளும் வேண்டும் என்று கேட்கலாம்.

கைவிட்ட குவாரிக் குழிகளைப் பற்றி எல்லா ஊரிலும் சொல்கிறீர்கள். மழைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிற அந்தப் பள்ளத்தில் ஆடு மாடு விழுகிறது, பிள்ளைகள் குளிக்கப் போகிறார்கள், வயிற்றைக் கலக்குகிற விஷயம். ஆனால் அதற்கு வேலி போடுவதை நம் நிதியில் கேட்காதீர்கள். குழியைப் பாதுகாப்பாக மூடுவது, வேலி அடைப்பது குத்தகைதாரரின் கடமை. அதற்கென்றே சுரங்க மூடல் திட்டம் ஒன்றை அவர் கொடுத்திருக்கணும். அவர் செய்யவேண்டிய வேலைக்கு நம் பணத்தை எடுத்துக் கொடுத்தால், நம்முடைய குடிநீர்தான் குறையும். வேலிக்குத் தனி மனு போடுவோம், அது கனிம வளத்துறை உதவி இயக்குநருக்கு.

நம்ம காட்டில் உழும்போது நத்தை மாதிரி, சங்கு மாதிரி கல்லு கிடைக்குமே, பிள்ளைகள் வைத்து விளையாடுமே, அது கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்ததற்கு அடையாளம். அந்தக் கடலில் படிந்ததுதான் இந்தச் சுண்ணாம்பு. சோளம் மாதிரி அடுத்த போகத்துக்கு அது விளையாது. கல்லு தீர்ந்தால் குத்தகை முடியும், ராயல்டியும் நிற்கும், இந்தப் பணமும் நிற்கும். அதனால் லாரி ஓடும்போதே, லாரி நின்ற பிறகு நம் பிள்ளைகள் எதை வைத்துப் பிழைப்பார்கள் என்பதற்கும் கேட்கணும். கறவை மாடு, பால் குளிரூட்டும் வசதி, தையல் கூடம், பெண் பிள்ளைகளுக்குத் தொழில் படிப்பு. குழுவாக நடத்தி அனுபவம் உள்ள தொழிலாக இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு பயம் இருக்கிறது, அதையும் பேசிவிடுவோம். ‘வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், தம்பி பேக்டரியில் கான்ட்ராக்ட் வேலை. நாங்க மனு கொடுத்தா வேலையை விட்டு நிறுத்திடுவாங்களே அக்கா’ என்கிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் நாம் கேட்பது கம்பெனியிடம் இல்லை. கம்பெனி ஏற்கெனவே கட்டிவிட்ட பணத்தை எங்கே செலவு பண்ணுவது என்று ஆட்சியரிடம் கேட்கிறோம். நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கம்பெனிக்கு ஒரு ரூபாய்கூடக் கூடாது, குறையாது. அப்படியும் தனி ஆளாகக் கையெழுத்துப் போடத் தயங்கினால், குழுவின் பேரிலும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் பேரிலும் கொடுக்கலாம்.

கணக்குக் கேட்கிற உரிமையும் நமக்கு உண்டு. எவ்வளவு வசூல், என்ன வேலை, எந்த ஊர் என்பதையெல்லாம் அறக்கட்டளை வெளியிடணும், தணிக்கை செய்யணும். கிடைக்கவில்லை என்றால் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க்கு கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி எழுதிப் போட்டால் 30 நாளில் பதில் தரணும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த 10 ரூபாயும் வேண்டாம். ஐந்து ரூபாய் வித்தியாசம் வந்தால்கூட இரவு பத்து மணி வரை உட்கார்ந்து பேரேடு சரிபார்க்கிறவர்கள் நாம். இந்தக் கணக்கு நமக்குப் பெரிசில்லை.

இப்போ செய்யவேண்டியது. அக்டோபர் 2 கிராம சபை வருகிறது. அதற்கு முந்தின வாரத்துக் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வேலை முடிந்ததும் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். உங்கள் ஊருக்கு மூன்றே கோரிக்கை, வரிசைப்படி, தீர்மான நோட்டில் எழுதுங்கள். பத்து எழுதினால் அவர்களுக்குப் பிடித்த பத்தாவதைத்தான் எடுப்பார்கள். அதை ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே கொடுத்து, கிராம சபைப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். அன்றைக்குத் தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் வேண்டாம். நகலை வாங்கிக்கொண்டு வந்தால், அடுத்த திங்கட்கிழமை மனு நாளில் எல்லா ஊர் நகல்களையும் சேர்த்து ஆட்சியரிடம் கொடுப்போம். ஊருக்கு இரண்டு பேர் வரணும், பஸ் செலவு கூட்டமைப்பு பொறுப்பு. மாதிரித் தீர்மானம் அச்சடித்து வைத்திருக்கிறோம், போகும்போது ஊக்குநர்கள் மறக்காமல் வாங்கிட்டுப் போங்க.