கிருமியின் சுவரும் மருந்தின் வேலையும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கிராம சுகாதாரம் என்றதும் கிணறும் சாக்கடையுமே நம் நினைவுக்கு வருகின்றன. வீட்டு மாடத்தில் மிச்சமாய்க் கிடக்கும் மாத்திரைகளும் அதில் அடங்கும். அவற்றுள் செபலெக்சின், செபிக்சிம் போன்றவை செபலோஸ்போரின் என்னும் மருந்தினத்தைச் சேர்ந்தவை. அவை வேலை செய்யும் விதத்தை நாம் அறிந்துகொள்வது அவசியமாகும்.

1945-ஆம் ஆண்டில், இத்தாலியின் சார்டினியாத் தீவில், காக்லியாரி நகரின் சாக்கடை நீர் கடலில் கலக்குமிடத்தில் ஜுசேப்பே புரோட்சு என்ற பேராசிரியர் ஒரு பூஞ்சணத்தைக் கண்டெடுத்தார். அது டைபாய்டு கிருமியை வளரவொட்டாமல் தடுத்தது. பின்னர், ஆக்ஸ்போர்டில் ஆபிரகாம், நியூட்டன் என்ற அறிஞர்கள் அதிலிருந்து செபலோஸ்போரின் சி என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். 1964-இல் இவ்வினத்தின் முதல் மருந்து விற்பனைக்கு வந்தது.

பாக்டீரியாக் கிருமியைச் சுற்றி உறுதியான சுவர் ஒன்று உண்டு. கிருமி வளர வளர அச்சுவரையும் கட்டிக்கொண்டே போகிறது. சுவரின் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் நொதிகளே அதன் கொத்தனார்கள். மருந்து அந்நொதிகளோடு ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடுகிறது. பிணைப்பற்ற சுவர் நலிகிறது. நீர் உட்புகுந்து கிருமி வெடித்து மடிகிறது. நம் உடலின் உயிரணுக்களுக்கு இத்தகைய சுவர் இல்லை. ஆகையால் அவை தப்புகின்றன. சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸுக்கும் இச்சுவர் இல்லை. ஆகையால் சளிக்கு இம்மருந்து பயன்படாது.

சில கிருமிகள் மருந்தையே சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. தேவையின்றி மருந்துண்டால் எளிய கிருமிகள் மடிய, இவை பிழைத்துப் பெருகுகின்றன; அத்திறனைப் பிற கிருமிகளுக்கும் வழங்குகின்றன. நாளை பிரசவித்த தாய்க்கோ பச்சிளங் குழந்தைக்கோ உயிர் காக்க வேண்டிய வேளையில் மருந்து கைவிட்டுவிடும்.

ஆகவே, மருத்துவர் சீட்டின்றிக் கடையில் இதனைக் கேட்டு வாங்கலாகாது. அவர் சொன்ன அளவையும் நாட்களையும் நாமாகக் குறைக்கவோ கூட்டவோ கூடாது. பென்சிலின் முன்பு ஒவ்வாமல் போயிருந்தால் அதை முதலிலேயே அவரிடம் தெரிவிக்க வேண்டும். மிச்ச மாத்திரையை அண்டை வீட்டாருக்கோ ஆடு மாடுகளுக்கோ கொடுத்தல் தகாது. மடிநோய்க்கு இம்மருந்து இட்ட பசுவின் பாலை, கால்நடை மருத்துவர் குறிப்பிடும் நாள் வரை சொசைட்டிக்கு ஊற்றலாகாது.

கிணற்றைப் பொதுச் சொத்தாகக் காக்கும் நாம், மருந்தின் வலிமையையும் அவ்வாறே காப்போமாக. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதனை எடுத்துரைக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.